சொரோரிட்டி: டிவியில காட்டாத கணக்கு (ஆகஸ்ட்ல அமெரிக்கா போற பொண்ணுங்களுக்கு)

கேள்வி

வர்ற ஆகஸ்ட்ல ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டியில இளங்கலை முதல் வருஷம் சேர்றேன், எஃப்-1 விசா. அட்மிஷன் உறுதியானதுல இருந்து "பான்ஹெலனிக் ரெக்ரூட்மென்ட்டுக்குப் பதிவு பண்ணுங்க"ன்னு மெயில் மேல மெயில். சொரோரிட்டிங்கிற, கிரேக்க எழுத்துல பேர் வச்ச கல்லூரிப் பெண்கள் சங்கங்களுக்கு ஆள் சேர்க்கிறதாம். ரீல்ஸ்ல பார்த்தா அம்பது பொண்ணுங்க ஒரே கலர்ல உடுத்திக்கிட்டு வாசக்கதவுல அடுக்கா நின்னு கை தட்டிக் கத்துறாங்க. அம்மா "அது குடிகாரக் கூட்டம், போகாதே"ங்கறாங்க. இது என்ன, எவ்வளவு ஆகும், நமக்கு ஒத்து வருமா? தெரிஞ்ச அக்காங்க சொல்லுங்க.

ஆஸ்டின்காரி

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எம்.எஸ்., பிஎச்.டி. போறவங்க இந்தத் திரியைப் படிக்க வேண்டியதில்லை. ரஷ் வாரத்துல ஆள் எடுக்கிற சங்கங்கள் இளங்கலை மாணவிகளுக்குத்தான். உங்களுக்கு வர்ற "டௌ பீட்டா பை", "ஈட்டா கப்பா நு" மெயில் வேற சங்கதி. பேர்ல கிரேக்க எழுத்து இருந்தாலும் அது மார்க்கை வச்சுக் கூப்பிடுற இன்ஜினியரிங் கௌரவச் சங்கம். பணம் கட்டினா ரெஸ்யூமேல ஒரு வரி ஏறும், அவ்வளவுதான்.

இப்ப உனக்கு வர்றேன் தங்கச்சி. சொரோரிட்டிங்கிற ஒரே பேர்ல மூணு வேற வேற சரக்கு இருக்கு.

நீ ரீல்ஸ்ல பார்க்கிறது நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் வகை. 1902-ல உருவான கூட்டமைப்பு, 26 சங்கங்கள். உறுப்பினர்கள் சேர்ந்து தங்குற பெரிய வீடு, ரஷ் வாரம், கதவுல கத்துறது எல்லாம் இவங்கதான். ("வீடு"ன்னா அந்தச் சங்கத்தையே சொல்றதும் உண்டு.) ரெண்டாவது, கறுப்பினப் பெண்கள் தொடங்கின சங்கங்கள். வாஷிங்டன்ல இருக்கிற ஹவர்ட் (ஹார்வர்ட் இல்லை) பல்கலைக்கழகத்துல 1908-ல பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா இதுல மூத்தது. துளசேந்திரபுரத்துப் பேத்தின்னு நாம கொண்டாடின கமலா ஹாரிஸ் ஹவர்ட்ல படிக்கும்போது சேர்ந்தது இதுலதான். அவங்க தேர்தல்ல நின்னப்ப நாடு முழுக்கப் பெண்கள் முத்துமாலை போட்டுக்கிட்டு வந்தது இந்தச் சங்கத்து அடையாளம். படிப்பு முடிஞ்சாலும் இவங்களோட உறவு முடியாது. பட்டம் வாங்கினவங்களுக்குன்னே தனிக் கிளைகள் உண்டு.

மூணாவது, தெற்காசியப் பெண்களை மனசுல வச்சுத் தொடங்கினது. ஆஸ்டின்ல கப்பா ஃபை காமா, ஹூஸ்டன்ல டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸ்ல சிக்மா சிக்மா ரோ. மூணுமே 1998-ல முளைச்சது வேடிக்கைதான். இதுக்கு அந்த மாதிரி ரஷ் வாரம் கிடையாது. செமஸ்டர் தொடக்கத்துல அறிமுகக் கூட்டம் வைப்பாங்க, அப்புறம் ஒரு சின்னக் குழுவை எடுப்பாங்க. பெரும்பாலும் வீடு இருக்காது, செலவும் ரொம்பக் குறைவு. ஆனா தெற்காசியம்னா பல வளாகத்துல இந்திப் பாட்டும் பாங்ராவும்தான். தமிழ் பேச ஆள் வேணும்னா தமிழ் மாணவர் சங்கத்துக்குப் போ, அங்கே சந்தாவும் கம்மி.

ரஷ் வாரம் எப்படி நடக்கும்?

தென் மாநிலங்கள்ல வகுப்பு தொடங்குறதுக்கு முந்தின வாரம் நடக்கும். சில இடத்துல ஜனவரி. மொத்தம் நாலு சுற்று: எல்லா வீட்டையும் சுத்திப் பார்க்கிறது, அவங்க செய்ற தர்ம காரியத்தைப் பத்திக் கேட்கிறது, "சிஸ்டர்ஹுட்" நாள், கடைசியா "பிரெஃபரன்ஸ்". ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் நீ வீடுகளை வரிசைப்படுத்துவே, வீடுகள் உங்களை வரிசைப்படுத்தும். ரெண்டையும் கம்ப்யூட்டர்ல பொருத்தி அடுத்த நாள் உன் பட்டியல் வரும். கடைசிச் சுற்றுல சாதாரணமா ரெண்டு வீடுதான் மிஞ்சும்.

ஒரு வீட்டுக்குள்ள என்ன நடக்கும்னா, ஒருத்தி உன்னை வாசல்லயே பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வைப்பா. அஞ்சாறு நிமிஷம் பேசுவா. பேச்சு நடுவுல இன்னொருத்தி பின்னாடி வந்து அவ தோளைத் தொடுவா. முதலாமவ "இவளும் உன்னை மாதிரியே நாய்ப் பிரியை"ன்னு ஒரு கோர்வை சொல்லிட்டு எழுந்துடுவா, வந்தவ அதே இடத்துல உட்காருவா. இதுக்கு "பம்ப்"னு பேரு. அரை மணி நேரத்துல நாலைஞ்சு பேர் மாறிடுவாங்க. நீ வெளியே போனதும் உனக்கு மார்க் போடுவாங்க. நம்ம ஊர்ப் பெண் பார்க்கிற சடங்குதான். மாமியாருக்குப் பதிலா எண்பது நாத்தனார்.

இங்கே நம்ம பொண்ணுங்க தடுக்கி விழுற இடம் ரெண்டு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுச் சும்மா இருக்கிறது ஒண்ணு. நம்ம வீட்ல அது அடக்கம், இங்கே "இவளுக்கு நம்ம மேல ஆர்வமில்லை"ன்னு எழுதிக்குவாங்க. "உங்க ஊர் எது"ன்னு கேட்டா "சேலம்"னு நிறுத்தாதே. சேலம், வெயில், மாம்பழம், அங்கிருந்து இங்கே வந்து பனியைப் பார்க்கப் போற பயம்னு மூணு வாக்கியம் சொல்லிட்டு, "நீ எந்த ஊர்?"னு பந்தைத் திருப்பிப் போடு. இன்னொண்ணு, பேசக்கூடாததைப் பேசுறது. ஆண்கள், மது, மதம், அரசியல், பணம், இந்த அஞ்சும் ரஷ்ல வாயில வரக்கூடாதுன்னு எழுதாத விதி. "அப்பா என்ன பண்றார்"ங்கிறது நமக்குச் சாதாரண விசாரிப்பு, அவங்களுக்கு அது பணப் பேச்சு.

கடைசிச் சுற்று முடிஞ்ச உடனே ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து கேட்பாங்க. இதுதான் முக்கியமான இடம். அதுல நீ எழுதின எந்த வீடு கூப்பிட்டாலும் ஒத்துக்கிறேன்னு அர்த்தம். கூப்பிட்டு நீ மறுத்தா, அடுத்த பெரிய ரெக்ரூட்மென்ட் வர்ற வரைக்கும், அதாவது சுமார் ஒரு வருஷம், அந்த வளாகத்துல இந்தக் கூட்டமைப்போட வேற எந்தச் சங்கத்துலயும் சேர முடியாது. அதனால பிடிக்காத வீட்டை "இருக்கட்டுமே"ன்னு ரெண்டாவதா எழுதாதே. ஒண்ணு மட்டும் எழுதினா அது கூப்பிடாமப் போற ஆபத்து உண்டு, ஆனா அப்ப நீ கட்டுப்படாதவ. ரஷ் முடிஞ்ச பிறகு இடம் மிச்சமிருக்கிற வீடுகள் சத்தமில்லாம ஆள் எடுக்கும், அதுக்குப் போகலாம். செலவும் அலட்டலும் குறைஞ்ச வழி அதுதான்.

டிவி பத்தி நாலு வார்த்தை. எம்டிவி 2002-ல "சொரோரிட்டி லைஃப்"னு ஒரு ரியாலிட்டி ஷோ எடுத்துச்சு. கலிஃபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல இருந்த யூதப் பண்பாட்டுச் சின்னச் சங்கம் ஒண்ணுதான் முதல் சீசன்ல வந்தது. 26 பெரிய சங்கத்துல ஒண்ணுகூட இல்லை. ஜனங்க அதைப் பார்த்துட்டு எல்லாச் சங்கமும் இப்படித்தான்னு முடிவு கட்டினாங்க. அப்புறம் "கிரீக்"னு ஒரு சீரியல், 2007-ல இருந்து 2011 வரை. அதுல யாருமே மாசக் கட்டணம் பத்திப் பேசின ஞாபகம் எனக்கில்லை. 2021 ஆகஸ்ட்ல அலபாமாப் பொண்ணுங்க டிக்டாக்ல தினமும் "இன்னைக்கு என்ன டிரெஸ்"னு போட, உலகமே பார்த்துச்சு. என் கருத்து: அந்த வீடியோதான் மத்த எல்லாத்தையும் விட நேர்மையானது. சட்டை எந்தக் கடை, கம்மல் எந்தக் கடைன்னு விலாசத்தோட சொல்றாங்க, இது எந்த வர்க்கத்துக்கானதுன்னு நீயே கூட்டிக் கழிச்சுக்கலாம்.

நிறத்தைப் பத்தி யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்றேன். அதே அலபாமாவுல 2013 செப்டம்பர்ல அங்கத்து மாணவர் பத்திரிகை ஒரு செய்தி போட்டுச்சு: உள்ளே இருக்கிற பொண்ணுங்க எடுக்க நினைச்ச கறுப்பின மாணவியை, பழைய மாணவிகள் தலையிட்டுத் தடுத்தாங்கன்னு. அதுக்கப்புறம்தான் பல்கலைக்கழகம் தலையிட்டுச் சேர்க்கையைத் திரும்பத் திறந்துச்சு. இப்ப நிலைமை மாறியிருக்கு, எல்லா வீட்லயும் ஒரே அளவுக்கு இல்லை. நம்ம ஊர்ல சாதியை நேராக் கேட்காம "சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது"ன்னு சுத்தி வருவாங்கள்ல, அந்த மாதிரிதான் "உங்க குடும்பத்துல யாராவது சொரோரிட்டியில இருந்தாங்களா"ங்கிற கேள்வியும். பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அந்த வீட்டோட இன்ஸ்டாகிராம் பக்கத்துல மூணு வருஷத்துப் "பிட் டே" ("பிட்"ங்கிற சேர்க்கை அழைப்பு கைக்கு வர்ற நாள்) போட்டோவைப் பார். யார் நடுவுல நிக்கிறா, யார் ஓரத்துல நிக்கிறா, போன வருஷம் இருந்த பழுப்பு முகம் இந்த வருஷமும் இருக்கா. அதுலயே விடை இருக்கு.

டாலஸ் அப்பா

மகளைச் சேர்த்த பெற்றோர் கேட்க மறக்கும் கணக்கை மட்டும் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் சொல்லும் தொகை சந்தா மட்டும். அதன் மேல் முதல் வருடம் புது உறுப்பினர் கட்டணம், தேசிய அலுவலகத்துக்கான கட்டணம், பேட்ஜ் விலை ஆகியவை ஒரு முறை வரும். வீட்டில் தங்காவிட்டாலும் வீட்டைப் பராமரிக்க "பார்லர் ஃபீ" என்று ஒன்று உண்டு. சாப்பாட்டுத் திட்டம் கட்டாயம் என்றால், விடுதி மெஸ்ஸுக்கும் பணம் கட்டிவிட்டு இங்கேயும் கட்டுவீர்கள். முதலாண்டு மாணவிக்கு இது இரட்டைச் செலவு. கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம். டி-ஷர்ட், ஃபார்மல் டிரெஸ், "லிட்டில்" என்று ஒப்படைக்கப்படும் ஜூனியருக்கு ஒரு வாரம் பரிசுக் கூடை, இவை எந்தத் தாளிலும் இருக்காது.

வீடில்லாத சங்கத்தில் செமஸ்டருக்குச் சில நூறு டாலரோடு போய்விடும். அலபாமா மாதிரி இடத்தில் வெளியே தங்கும் புது உறுப்பினருக்கே செமஸ்டருக்கு 4,000 டாலருக்கு மேல். நடுவில் எங்கே வருகிறது என்பதைப் பதிவு செய்யும் முன்பே பான்ஹெலனிக் அலுவலகத்துக்கு மெயில் போட்டு, வீடு வாரியான கட்டணத் தாளாகக் கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.

இரண்டு ஒப்பந்தங்கள் தனித்தனி. உறுப்பினர் பதவியை விட்டு விலகலாம். வீட்டு வாடகை ஒப்பந்தம் அதோடு முடியாது. இரண்டாம் ஆண்டு கட்டாயம் வீட்டில் தங்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு, அதற்கான கையெழுத்தை முதலாண்டிலேயே வாங்கிவிடுவார்கள். கட்டாமல் விட்டால் வசூல் நிறுவனத்துக்குப் போகும், பிள்ளையின் கிரெடிட் ஸ்கோர் வேலை கிடைக்கும் முன்பே அடிபடும்.

இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க: சந்தாவுக்கு அதிலிருந்து எடுத்தால் அது கல்விச் செலவாகாது. அறை வாடகையும் சாப்பாடும் மட்டும், மகள் குறைந்தது அரைநேர மாணவியாக இருந்தால், கல்லூரி அறிவிக்கும் தங்கும் செலவு வரம்புக்குள் ஏற்கப்படும். எனவே ரசீதைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

ஆஸ்டின்காரி

அங்கிள் சொன்னதோட விசா பக்கத்தையும் சேர்த்துக்கோ. எஃப்-1 (மாணவர் விசா), எச்-4 (எச்-1பி-ல வேலை பார்க்கிறவங்க குடும்பத்துக்கான விசா) யாரா இருந்தாலும் உறுப்பினரா சேர்றதுல விசாப் பிரச்சினை இல்லை. சிக்கல் வேற மூணு இடத்துல.

தேதி: கல்லூரி விசாவுக்காகத் தர்ற ஐ-20 படிவத்துல இருக்கிற தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல முன்கூட்டி நீ அமெரிக்காவுக்குள்ள நுழைய முடியாது. ரஷ் வகுப்புக்கு முந்தின வாரம் நடக்கும், வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டாய ஓரியன்டேஷனும் அதே வாரம் நடக்கும். ரெண்டும் மோதினா ஓரியன்டேஷனை விட்டுடாதே. மோதுதான்னு ஜூன்லயே ரெண்டு அலுவலகத்துக்கும் எழுதிக் கேளு, டிக்கெட் அப்புறம் போடு.

வேலை: சில வீட்ல தலைவி, பொருளாளர் மாதிரிப் பொறுப்புக்கு வாடகையில தள்ளுபடி தருவாங்க. வீட்டுக் கிச்சன்ல பரிமாறுற வேலைக்குச் சாப்பாடு இலவசம்பாங்க. காசு கையில வரலைன்னாலும் இதைக் கூலின்னு எடுத்துக்க வாய்ப்பு உண்டு. அந்த வீடு வளாகத்துக்குச் சொந்தமில்லைன்னா அது வெளி வேலை. ஒத்துக்கிறதுக்கு முன்னாடி உன் டிஎஸ்ஓகிட்ட (கல்லூரியில வெளிநாட்டு மாணவர் விசா விஷயத்தைப் பார்க்கிற அதிகாரி) எழுத்துல கேட்டு வாங்கு.

குடி: சட்டப்படி 21 வயசு. குடிச்சிட்டு வண்டி ஓட்டிக் கைதானா, வழக்கு முடியுறதுக்கு முன்னாடியே விசாவை ரத்து பண்ண அதிகாரம் இருக்கு, பண்ணவும் செய்றாங்க. அமெரிக்கப் பாஸ்போர்ட் வச்சிருக்கிற தோழிக்கு அபராதத்தோட போற விஷயம் உனக்கு அப்படிப் போகாது.

மதுரை அம்மா

குடியைப் பத்திச் சொன்னீங்க. ராகிங் இருக்குமா கண்ணு? அதுதான் எங்களுக்குப் பயம்.

பர்டூ பக்கத்து அக்கா

இருக்கும்மா, பேர்தான் ஹேசிங். ஆனா நாம பார்த்த ராகிங்ல இருந்து ஒரு வித்தியாசம். நாவரசு கொலைக்கு அப்புறம் 1997-ல தமிழ்நாட்டுல சட்டம் போட்டோமே, அங்கே சீனியர் வழிமறிச்சுப் பிடிக்கிறது. இங்கே பிள்ளை தானா விரும்பிச் சேர்ந்த இடத்துல, "இதைச் செஞ்சாத்தான் முழு உறுப்பினர்"னு நடக்கும். பொண்ணுங்க சங்கத்துல அடிதடி குறைவு. தூங்க விடாம வச்சிருக்கிறது, ராத்திரி மூணு மணி வரைக்கும் சீனியர்களைக் காரில் கொண்டு விடச் சொல்றது, போனை வாங்கி வச்சுக்கிறது, பாடச் சொல்லி அவமானப்படுத்துறது மாதிரிதான் அதிகம். "அவளே ஒத்துக்கிட்டா"ங்கிறது பல மாநிலச் சட்டத்துல வாதமா நிக்காது. 2024 டிசம்பர்ல ஒரு கூட்டாட்சிச் சட்டமும் வந்திருக்கு. அதன்படி எந்தச் சங்கம் பிடிபட்டுச்சு, என்ன தண்டனைன்னு கல்லூரி தன் இணையதளத்துல அறிக்கை போடணும். "ஹேசிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்"னு கல்லூரிப் பேரோட தேடினா வரும். மகள் சொல்ற சங்கத்தோட பேர் அதுல இருக்கான்னு நீங்களே பாருங்க.

குடி விஷயத்துல அம்மாக்கள் நினைக்கிறது பாதி சரி, பாதி தப்பு. இந்தப் பெரிய பெண்கள் சங்க வீடுகளுக்குள்ள பொதுவா மது கூடாது. பார்ட்டி, ஃபிரட்டர்னிட்டிங்கிற ஆண்கள் சங்க வீட்ல நடக்கும். ஆபத்தே அதுலதான்: வீடு அவங்களோடது, ஊத்துறவன் அவன், மாடி அறை அவனோடது. சீல் உடைக்காத கேனை நீயே திற, கீழ வச்ச கப்பை மறுபடி எடுக்காதே, வந்த ஆளுங்களோடவே கிளம்பு. யாராவது மயங்கிட்டா 911. அப்படிக் கூப்பிட்டவங்க மேலயும் மயங்கினவங்க மேலயும் வயசுக்குக் குறைஞ்ச குடிக்கு வழக்குப் போடாத சட்டம் பெரும்பாலான மாநிலத்துல இருக்கு.

தப்பா ஏதாவது நடந்து பேசணும்னா, யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சு பேசு. ஹாஸ்டல் ஆர்ஏ (ஹாஸ்டலைப் பார்த்துக்கிற சீனியர் மாணவி), பல இடத்துல பேராசிரியர்கள், கேட்டதைக் கல்லூரிக்குச் சொல்லியே ஆகணும். கவுன்சலிங் சென்டர் சொல்லாது. புகார் கொடுக்கலாமா வேண்டாமான்னு குழப்பத்துல இருக்கிறப்ப முதல்ல அங்கே போறது நல்லது.

அப்புறம் வீடு. வெளியில தூண் வச்சு மாளிகை மாதிரி இருக்கும். உள்ளே மிட்வெஸ்ட்ல பல வீட்ல "கோல்ட் டார்ம்"னு ஒரு பெரிய மாடி அறை: வரிசையா அடுக்குக் கட்டில், இருட்டு, ஜனவரியிலயும் ஜன்னல் திறந்து கிடக்கும். எல்லாரும் அங்கே தூங்கணும். துணிமணி, மேஜை எல்லாம் வேற அறையில. போர்வை ரெண்டும் தலைக்குக் குல்லாயும் இல்லாம முடியாது. சளி, ஆஸ்துமா இருக்கிறவங்க டாக்டர் கடிதம் கொடுத்தா அறையிலயே தூங்க விடுவாங்க. இதை வீட்டைச் சுத்திக் காட்டுறப்ப அவங்களா காட்ட மாட்டாங்க, "தூங்குறது எங்கே"ன்னு கேளு.

சாப்பாட்டுக்குச் சமையல்காரர் உண்டு. "வெஜிடேரியன் இருக்கா"ன்னு கேட்டா எல்லா வீடும் இருக்கும்னு சொல்லும். அது பாதி நாள் பாஸ்தாவும் சாலட்டும்தான். சூப்ல சிக்கன் ஸ்டாக், இனிப்புல ஜெலட்டின், டாக்கோல மாட்டுக்கறி, இதெல்லாம் தனித்தனியாக் கேட்கணும். ரைஸ் குக்கரை அறையில வைக்க விட மாட்டாங்க, கிச்சனை ராத்திரி பூட்டிடுவாங்க. லேப் முடிஞ்சு எட்டு மணிக்கு வர்றவங்க "லேட் பிளேட்"னு காலையிலயே தாள்ல பேர் எழுதி வைக்கணும். ஃபாயில் போட்டு மூடி, மேல மார்க்கர்ல பேர் எழுதி ஃப்ரிட்ஜ்ல வச்சிருப்பாங்க. பேர் எழுத மறந்தா சீரியல்தான்.

கேட்டவள்

அக்கா, ரஷ் வாரத்துல எல்லா வீடும் நல்லாத்தானே நடிக்கும்? உண்மையா எப்படின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆஸ்டின்காரி

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் போ. பிட் வாங்கினதுக்கும் இனிஷியேஷனுக்கும் (முழு உறுப்பினராக்குற சடங்கு) நடுவுல சில வாரம் இருக்கும், அப்ப வீட்ல சாப்பிடலாம். பார்ட்டி, போட்டோ எதுவும் இல்லாத நாள்ல யார் உன் பக்கத்துல தட்டை வைக்கிறா, யார் போனைப் பார்த்துட்டு எழுந்து போறாங்கறதைப் பார். ஒத்து வரலைன்னா இனிஷியேஷனுக்கு முன்னாடி விலகிடு. ஒரு தடவை இனிஷியேஷன் ஆயிட்டா அந்த 26-ல வேற எதுலயும் ஆயுசுக்கும் சேர முடியாது. சடங்கு ரகசியம், பெரும்பாலும் வெள்ளை டிரெஸ். (பாட்டிகிட்ட போட்டோ காட்டாதே.) சில சங்கங்கள்ல கிறிஸ்தவச் சாயல் இருக்கும். "மத உறுதிமொழி ஏதாவது உண்டா"ன்னு கேட்டா, சடங்கைச் சொல்லாமலே ஆமா இல்லைன்னு சொல்லுவாங்க.

ஸ்கார்பரோ தங்கச்சி

கனடாவுக்கு வாற பிள்ளையள் குழம்ப வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகம் 1960களில இருந்தே இந்தச் சங்கங்களை அங்கீகரிக்கிறேல்லை. வளாகத்துக்குப் பக்கத்தில வீடுகள் இருக்குது, ஆனா பிரச்சினை வந்தா பல்கலைக்கழகம் பொறுப்பெடுக்காது. இஞ்ச தமிழ்ப் பிள்ளையள் எல்லாரும் தமிழ் மாணவர் சங்கத்திலதான் கூடுறது. லண்டனும் அப்பிடித்தான், செப்டெம்பர் கடைசியில புது மாணவர் வாரத்தில மேசை போட்டுக்கொண்டு இருப்பினம், போய்ப் பேரைக் குடுத்தாச் சரி.

பர்டூ பக்கத்து அக்கா

இன்னும் ஒண்ணு, சின்னது ஆனா எரிச்சல். தங்கச்சி, உன் பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா விசாவுல முதல் பேர் இடத்துல "எஃப்என்யூ"ன்னு வரும், முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம். கல்லூரிப் பதிவுலயும் அப்படியே ஏறும், ரஷ் பதிவும் பெயர்ப்பட்டையும் அதுல இருந்து போகும். நாலு நாளும் எல்லாரும் உன்னை "ஃபனு"ன்னு கூப்பிடுவாங்க. ரிஜிஸ்ட்ரார் போர்ட்டல்ல "பிரிஃபர்ட் நேம்"னு ஒரு கட்டம் இருக்கும், அதுல உன் பேரைப் போடு. ரஷ் பதிவுலயும் தனியா மாத்து, அதுவா மாறாது. அதே படிவத்துல பள்ளி ஜிபிஏ கேட்பாங்க. பிளஸ் டூ மார்க் சதவீதத்தை 25-ஆல வகுத்து நீயே போடாதே, மார்க்‌ஷீட்டை அனுப்பி எப்படி மாத்துறதுன்னு பான்ஹெலனிக் அலுவலகத்துலயே கேளு. ஜூலைக்குள்ள முடிச்சிடு, பெயர்ப்பட்டையை மொத்தமா அச்சடிச்சிடுவாங்க.